திருத்தி எழுதினால் டைரி பொய்யாகிவிடுமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஒன்பதாவது படித்தபோது, இரண்டாம் உலகப்போரில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆனி ஃபிராங்க்கின் டைரியை வாசித்தேன். அன்றிலிருந்து நானும் டைரி எழுதுகிறேன். போன வாரம் அண்ணன் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினான். அந்த டைரி போலியாம். போருக்கு அப்புறம் புழக்கத்துக்கு வந்த பால்பாயிண்ட் பேனாவால் எழுதியதாம். அவளுடைய அப்பாவே எழுதிக்கொண்டாராம். இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஆனியே தன் டைரியைத் திருத்தி எழுதினாள், அப்பா சில பகுதிகளை நீக்கினார் என்று போட்டிருந்தது. ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. இன்னொரு விஷயம். அம்மாவைப் பற்றிக் கோபத்தில் நான் எழுதியதை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. மாற்றி எழுதிவிட்டுப் பழைய நோட்டைக் கிழித்துப் போடலாம் என்றிருந்தேன். அப்படியென்றால் நானும் பொய் எழுதுகிறேன் என்றுதானே அர்த்தம்?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தப் பேனா சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். ஆனியின் காகிதங்களுக்கு இடையே பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய இரண்டு துண்டுச்சீட்டுகள் இருந்தது உண்மை. ஆனால் அவற்றில் இருப்பது ஆனியின் கையெழுத்தே இல்லை. போருக்குப் பின் அந்தக் காகிதங்களை ஆராய்ந்தபோது யாரோ குறிப்பெழுதி வைத்த சீட்டுகள் அவை. நெதர்லாந்து அரசின் தடயவியல் ஆய்வகம் டைரியின் காகிதம், மை, பசை, கையெழுத்து என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்தது. அந்த ஆய்வின் முடிவு 1986-இல் டைரியின் ஆராய்ச்சிப் பதிப்போடு புத்தகமாகவே வந்தது. எழுதியவள் ஆனிதான், எழுதிய காலமும் போர்க்காலம்தான்.

இந்த வதந்தி 1950-களின் கடைசியிலேயே கிளம்பிவிட்டது. அவளுடைய அப்பா ஓட்டோ ஃபிராங்க் இதற்காக ஜெர்மனியில் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. நெதர்லாந்திலிருந்து நாஜிகள் கொண்டுபோன யூதர்கள் சுமார் 1,07,000 பேர். திரும்பி வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்தான். அந்தக் கொலைகளே நடக்கவில்லை என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு இந்த டைரி பெரிய இடைஞ்சல். பேனாவைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் அதுதான். உன் அண்ணனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. கோபப்படாமல் எடுத்துச் சொல்.

சரி, இப்போது நீ கேட்டதில் கனமான பகுதிக்கு வருகிறேன். ஆமாம், ஆனி தன் டைரியைத் திருத்தி எழுதினாள். அது எப்படி நடந்தது என்று தெரிந்தால் உன் வருத்தம் போய்விடும் என்று நம்புகிறேன்.

1942 ஜூன் 12, அவளுடைய பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குச் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நோட்டு பரிசாகக் கிடைத்தது. அடுத்த மாதமே, அக்கா மார்கோட்டை ஜெர்மனியில் வேலை முகாமுக்கு வரச்சொல்லி ஓலை வந்ததால், ஜூலை 6-ஆம் தேதி குடும்பம் தலைமறைவானது. ஆம்ஸ்டர்டாம் நகரில் பிரின்சென்கிராக்ட் 263-ஆம் எண் கட்டடம். அப்பாவின் கம்பெனி இருந்த இடம். அதன் பின்கட்டில், பிறகு ஒரு புத்தக அலமாரியால் மறைக்கப்பட்ட வாசலுக்கு உள்ளே, கடைசியில் எட்டுப் பேர் வாழ்ந்தார்கள். கீழே கிடங்கில் வேலை செய்தவர்களுக்கு விஷயம் தெரியாது. அதனால் பகலில் செருப்புச் சத்தம் கூடாது, தண்ணீர்க் குழாய் திறக்கக் கூடாது, கழிவறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டு வருடம் இப்படி.

1944 மார்ச் 28 இரவு, லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில், அங்கிருந்து இயங்கிய டச்சு அரசின் அமைச்சர் போல்கஸ்டைன் பேசினார். ஆக்கிரமிப்புக் காலத்தில் சாதாரண மக்கள் எழுதிய டைரிகளும் கடிதங்களும் போருக்குப் பின் திரட்டப்படும், பத்திரப்படுத்துங்கள் என்றார். மறுநாளே ஆனி அதைப் பற்றி எழுதிவிட்டாள். பத்திரிகையாளராக வேண்டும், பிறகு பெயர் சொல்லும் எழுத்தாளராக வேண்டும், பின்கட்டு வாழ்க்கையைப் புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மே 20-ஆம் தேதி வேலையைத் தொடங்கினாள். பழைய நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தின் மெல்லிய நகல் தாள்களில் மறுபடி எழுதினாள். சிலதைச் சுருக்கினாள், சிலதை நீக்கினாள், சிலதை விரித்தாள். பின்கட்டுக்காரர்களுக்கு மாற்றுப்பெயர் யோசித்து ஒரு பட்டியலே போட்டாள். முதல் நோட்டில் பல கற்பனைத் தோழிகளுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். திருத்தியபோது எல்லாக் கடிதத்தையும் கிட்டி என்ற ஒருத்திக்கே எழுதினாள். ஆகஸ்ட் 4-ஆம் தேதி போலீஸ் வருவதற்குள் 215 தாள்கள். வேலையைத் தொடங்கும்போது அவளுக்கு வயது பதினான்கு.

இதைப் பொய் என்று எப்படிச் சொல்வது, தங்கையே? எழுத்து என்றால் என்ன என்று தெரிந்த ஒரு பெண் செய்த வேலை இது. நாம் அவளைப் பாவம் என்று பார்த்தே பழகிவிட்டோம். அவள் ஒரு எழுத்தாளர் என்று பார்க்க ஏனோ நமக்கு வரமாட்டேன் என்கிறது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். 1942 டிசம்பரிலிருந்து 1943 டிசம்பர் வரை, கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கு அவள் எழுதிய மூல நோட்டுகள் இன்று இல்லை. தொலைந்துவிட்டன. அந்த வருடத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவள் திருத்தி எழுதிய தாள்களால்தான். திருத்தாமல் விட்டிருந்தால் அந்த ஒரு வருடமே போயிருக்கும்.

போயிருந்தால் என்னென்ன போயிருக்கும் பார். பல் டாக்டர் ஃபெஃபரோடு ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலை அவளுக்கு. அந்த அறையில் ஒரு சின்ன மேஜை. மதியம் அவர் தூங்கும்போது இரண்டரையிலிருந்து நான்கு மணிவரை அது ஆனிக்கு. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நான்கிலிருந்து ஐந்தரை வரையும் தரமுடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்கிறாள். முடியாது என்கிறார் அவர். உன் படிப்பெல்லாம் ஒரு படிப்பா என்கிற மாதிரி பேசுகிறார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்று, அப்பாவிடம் போய்ப் பேசி, கடைசியில் அந்த மேஜையை வாங்கிவிடுகிறாள். இது 1943 ஜூலையில் நடந்தது. அதே வருடம் நவம்பரில் அவளுடைய மைப்பேனா போய்விடுகிறது. ஒன்பது வயதில் பாட்டி அனுப்பிய பேனா. மேஜையில் பயறு சுத்தம் செய்தபோது குப்பையோடு சேர்ந்து அடுப்புக்குள் போய்விட்டது. அதற்கென்று தனியாக ஒரு பதிவே எழுதினாள். அவள் எந்தப் பேனாவால் எழுதினாள் என்று அண்ணன் கேட்டால் இந்தக் கதையையும் சொல்.

அடுத்தது அம்மா விஷயம். அம்மா எடித்தைப் பற்றி ஆனி மிகவும் கடுமையாக எழுதியிருக்கிறாள். 1944 ஜனவரி 2-ஆம் தேதி பழைய பக்கங்களைப் புரட்டியபோது அவளே அதிர்ந்துபோனாள். இப்படி வெறுப்பாக எழுதியது நான்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். உனக்கு வந்த அதே வெட்கம்தான். அன்று அவள் செய்ததைக் கவனி: பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஏன் அப்படிக் கோபப்பட்டேன், அம்மாவின் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்திருக்கும், நான் எதைப் பார்க்கத் தவறினேன் என்று புதிதாக ஒரு பதிவு எழுதினாள். பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது. எடித் 1945 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்துபோனார். தன் பக்க நியாயத்தை எழுதிவைக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. மகள் எழுதிய அந்த இரண்டாவது பதிவு இல்லையென்றால், அந்த அம்மா எரிச்சல்பட்ட ஒரு பெண்ணாக மட்டுமே நம் மனதில் நின்றிருப்பார்.

அப்பா செய்தது வேறு. கைது நடந்த அன்று, நகையும் பணமும் அள்ளிக்கொண்டு போக ஒரு பை வேண்டும் என்று, ஆனியின் தாள்கள் இருந்த தோல்பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினான் கைது செய்ய வந்த அதிகாரி. அவர்களைக் காப்பாற்றிவந்த அலுவலகப் பெண்கள் மீப், பெப் இருவரும் அவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். மீப் அதில் ஒரு வரிகூடப் படிக்காமல் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார், ஆனி வந்ததும் கொடுக்கலாம் என்று. எட்டுப் பேரில் ஓட்டோ ஒருவர்தான் உயிரோடு திரும்பினார். ஆனியும் மார்கோட்டும் பெர்கன்-பெல்சன் முகாமில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்த செய்தி 1945 ஜூலையில் உறுதியான பிறகு, மீப் அந்தக் காகிதங்களை அவர் கையில் கொடுத்தார்.

அவர் இரண்டு வடிவங்களையும் சேர்த்து ஒரு புத்தகமாக்கினார். மனைவியைப் பற்றிய கடுமையான வரிகள் சிலவற்றையும், உடல் வளர்ச்சி பற்றிய சில பகுதிகளையும் விட்டுவிட்டார். அதே சமயம், பின்கட்டில் கூடவே ஒளிந்திருந்த பையன் பீட்டர் மீது வந்த காதலைத் திருத்தும்போது ஆனி குறைத்திருந்தாள். அதைப் பழைய நோட்டிலிருந்து எடுத்துச் சேர்த்தவரும் அவர்தான். 1947 ஜூன் 25-இல் புத்தகம் வந்தது. அவர் வெட்டிய எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூலக் காகிதங்கள் ஒன்றையும் அவர் அழிக்கவில்லை, நெதர்லாந்து அரசுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அதனால்தான் 1986-இல் ஆனி முதலில் எழுதியது, அவள் திருத்தியது, அப்பா தொகுத்தது என்று மூன்று வடிவங்களையும் அடுத்தடுத்து அச்சிட முடிந்தது. விட்டுப்போனவற்றில் பெரும்பகுதியைச் சேர்த்த விரிவான பதிப்பு 1991-இல் வந்தது. உன் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முன்பக்கத்தில் பார். பழையதாக இருந்தால் விரிவானதைத் தேடி மறுபடி வாசி. நீ தேடிய அம்மா விஷயம் அதில்தான் கூடுதலாக இருக்கிறது.

இனி உன் நோட்டு. தாராளமாகத் திருத்தி எழுது. ஆனால் வேறொரு நோட்டில் எழுது, திருத்திய தேதியையும் போடு. பழைய நோட்டைக் கிழிக்காதே. வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம்தான் கிழிக்கத் தூண்டுகிறது என்றால், பூட்டு உள்ள பெட்டி ஒன்றை வாங்கித் தரச்சொல்லி அம்மாவிடமே கேள். எதற்கு என்று கேட்டால் டைரி வைக்க என்று சொல். உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று அவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.