கடலடிக் கேள்வி-பதில்: இரு பக்கமும் சிலிண்டர்

முதுகில் ஒரு சிலிண்டரைச் சுமக்காமல், விலாவின் இரு பக்கமும் ஒவ்வொன்றைக் கொளுவிக்கொண்டு இறங்கும் சைட்மவுண்ட் முறை பற்றிக் கொழும்பிலும் சுற்றிலும் இருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): ஓப்பன் வோட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் எடுத்து 12 தடவை சுழியோடியிருக்கிறேன். சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு வள்ளத்தில் எழும்பி நிற்பது நாரிக்குக் கஷ்டமாக இருக்கிறது. சைட்மவுண்டுக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். பி.ஏ.டி.ஐ. என்ற சுழியோடல் பயிற்சி அமைப்பின் சைட்மவுண்ட் பயிற்சிக்கு 15 வயதும் ஓப்பன் வோட்டர் சான்றிதழும் போதும். நீச்சல் தடாகம் போன்ற அமைதியான நீரில் ஒரு தடவையும் கடலில் குறைந்தது மூன்று தடவையும் இறங்கவேண்டும். நாரி நோவு இருப்பதை மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதி, வைத்தியரின் கையொப்பத்தோடு போங்கள்.

நாரி விடயத்தில் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். வழக்கமான 11.1 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் நிரம்பியிருக்கையில் வால்வோடு சேர்த்து ஏறக்குறைய 17 கிலோ. சைட்மவுண்டில் அப்படி இரண்டு. ஆகவே கரையில் சுமை குறையாது, கூடும். இலாபம் வள்ளத்தில்தான். ஹார்னஸை (உடலில் மாட்டும் பட்டிகளை) மட்டும் போட்டுக்கொண்டு, விங்கில் (முதுகோடு ஒட்டிய மிதப்புப் பையில்) கொஞ்சம் காற்றை விட்டு நீரில் இறங்குங்கள். வள்ளக்காரர் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகக் கீழே தரட்டும். முதலில் இடுப்புக் கிளிப்பைக் கொளுவி, பிறகு பன்ஜி கயிற்றை (இழுபடும் இறப்பர்க் கயிற்றை) வால்வில் மாட்டுங்கள். ஏறும்போது இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். அலையுள்ள நாளில் வள்ளத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு அதில் சிலிண்டர்களைக் கொளுவி வைத்தால் இரு தரப்புக்கும் இலகு. இந்த ஒழுங்கை வள்ளக்காரரோடு கரையிலேயே கதைத்துக்கொள்ளுங்கள். நீரில் நின்று கத்தி விளங்கப்படுத்த முடியாது.

பணம் கட்டுமுன் உங்களையே ஒரு தடவை சோதியுங்கள். ஒற்றைச் சிலிண்டரோடு 5 மீற்றரில், கைகளை அசைக்காமல், அரை மீற்றருக்கு மேல் ஏறி இறங்காமல் மூன்று நிமிடம் நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் அதைத்தான் முதலில் பழகவேண்டும். மிதப்புக் கைவராதவருக்கு இரண்டாவது சிலிண்டர் இரண்டாவது தொல்லைதான்.

மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரையே நீர் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பழகுவதானால் திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்குப் போங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): பயிற்சி முடித்து நாலு தடவை இறங்கிவிட்டேன். தொடக்கத்தில் சிலிண்டர்கள் உடலோடு ஒட்டி நிற்கின்றன. காற்று அரைவாசி முடிந்ததும் அடிப்பக்கம் முதுகுக்கு மேலே எழும்புகிறது, வால்வுப் பக்கம் கீழே தொங்குகிறது. எதை மாற்றுவது?

பதில்: நீங்கள் ஒன்றென்று நினைப்பது இரண்டு பழுதுகள். தனித்தனியாகத் திருத்தவேண்டும்.

அடிப்பக்கம் எழும்புவது அலுமினியத்தின் இயல்பு. நிரம்பிய 11.1 லீற்றர் அலுமினியச் சிலிண்டர் நீரில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே தாழும். வெறுமையானதும் அதே சிலிண்டர் இரண்டு கிலோவுக்குக் கிட்ட மேலே இழுக்கும். 200 பாரில் (பார் என்பது அமுக்கத்தின் அலகு) அதற்குள் இருப்பது ஏறக்குறைய 2.6 கிலோ காற்று. அது போகப் போக அடிப்பக்கம் இலேசாகிறது. பரிகாரம் சின்னது. இரண்டு சிலிண்டரிலும் 120 பாருக்குக் கிட்ட வரும்போது, இடுப்புக் கிளிப்பைப் பின்பக்கத்து வளையத்திலிருந்து கழற்றி, இடுப்புப் பட்டியில் முன்னால் இருக்கும் டி-வளையத்தில் மாட்டுங்கள். உங்கள் பட்டியில் முன் வளையம் இல்லையென்றால் நகர்த்தக்கூடிய வகையில் ஒன்றைப் போடுங்கள். இரும்புச் சிலிண்டர் வெறுமையானாலும் தாழ்ந்தே நிற்பதால் அதற்கு இந்த வேலை கிடையாது.

வால்வுப் பக்கம் தொங்குவதற்குக் காரணம் பன்ஜி கயிறு. 8 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள கயிறு பொருந்தும். ஹார்னஸைப் போட்டு நில்லுங்கள். இழுக்காமல் விட்டால் வளையம் அக்குளுக்குப் பின்னாலேயே நிற்கவேண்டும். பெருவிரலால் இழுத்தால் மார்பு டி-வளையம் வரை வரவேண்டும். இழுக்காமலே முன்னுக்கு வந்தால் கயிறு தளர்வு. வால்வு அக்குளை விட்டு விழும். பெருவிரலால் இழுத்தும் வராவிட்டால் இறுக்கம். நீருக்குள் ஒற்றைக் கையால் மாட்டமுடியாது. ஒரு தடவைக்கு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் மாற்றாதீர்கள். பழைய கயிறு இழுவை இழந்திருந்தால் அளவைத் திருத்திப் பயனில்லை, புதிதாகப் போடுங்கள்.

மூன்றாவது அளவு ஒன்று இருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்: சிலிண்டரைச் சுற்றிய கீழ்ப் பட்டியின் இடம். வால்விலிருந்து அந்தப் பட்டியின் கிளிப் வரையான தூரமும், உங்கள் அக்குளிலிருந்து இடுப்பு வளையம் வரையான தூரமும் ஒன்றாக இருக்கவேண்டும். பட்டி அடிப்பக்கமாக இறங்கிப்போனால் வால்வு அக்குளைத் தாண்டி முகத்துக்கு முன் வரும். வால்வுப் பக்கமாக ஏறிப்போனால் சிலிண்டர் பின்னுக்குச் சரியும், எவ்வளவு நல்ல பன்ஜியும் அதைப் பிடித்துவைக்காது. வாடகைச் சிலிண்டரில் ஒவ்வொரு நாளும் பட்டியைப் புதிதாகக் கட்டவேண்டியிருப்பதால், சரியான தூரத்தை ஒரு நூலில் முடிச்சிட்டுப் பைக்குள் வைத்திருங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (வால்வில் பூட்டி அமுக்கத்தைக் குறைக்கும் பகுதி) விலாவில் குத்தினால் தூரம் பிழையில்லை; பட்டியைத் தளர்த்திச் சிலிண்டரைக் கொஞ்சம் உருட்டி மீண்டும் இறுக்குங்கள். வாடகைச் சிலிண்டர்களில் வால்வுக் குமிழ் எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக இருப்பதால் இரு பக்கத்துக்கும் உருட்டும் அளவு வேறுபடும். இடக்கை வால்வு உள்ள சிலிண்டர் கிடைக்குமா என்று நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

உடலைத் தாழவைக்கும் ஈயக்கட்டியின் அளவையும் சுழியோடலின் கடைசியில்தான் பார்க்கவேண்டும், தொடக்கத்தில் இல்லை. 200 பாரிலிருந்து 50 பார் வரை இரண்டிலும் சேர்த்து 4 கிலோ காற்று போய்விடும். ஆகவே இரண்டிலும் 50 பார் இருக்கையில், விங் வெறுமையாக, 5 மீற்றரில் நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வையுங்கள். அதை இடுப்பில் குவிக்காமல் முள்ளந்தண்டு வழியே பரப்பினால் கால் தாழாது.

கேள்வி (தெஹிவளை வாசகி): என்னிடம் ஏற்கெனவே ஒரு ரெகுலேற்றர் செட் (சிலிண்டர்க் காற்றை மூச்செடுக்கத் தரும் கருவி) இருக்கிறது. அதையே பாவிக்கலாமா?

பதில்: பாதிக்கு உதவும். சைட்மவுண்டில் இரண்டு சிலிண்டருக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், தனி வாய்த்துண்டு, தனி அமுக்கமானி வேண்டும். வலப்பக்கத்தில் 2.1 மீற்றர் நீள ஹோஸ். காற்று முடிந்த தோழருக்குக் கொடுப்பது இதைத்தான். இடப்பக்க வாய்த்துண்டு குறுகிய ஹோஸில், ஒரு பன்ஜி வளையத்தால் கழுத்தில் தொங்கும். விங்கை நிரப்பும் ஹோஸும் இடப்பக்கத்திலிருந்தே வருவதால், இடச் சிலிண்டரை மூடவேண்டி வந்தால் விங்கை வாயால் ஊதத் தெரிந்திருக்கவேண்டும். அமுக்கமானிகளுக்கு 15 சென்ரிமீற்றர் ஹோஸ் போதும். உங்களிடம் இருக்கும் நீள ஹோஸை அப்படியே விட்டால் அது வளைந்து வெளியே நின்று எல்லாவற்றிலும் சிக்கும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் டின் வகையானால் (வால்வுக்குள் திருகிப் பூட்டுவது) நல்லது. வால்வைச் சுற்றிப் பிடிக்கும் யோக் வகையின் திருகு அக்குளில் குத்தும்.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகர்): எவ்வளவு காற்றுக்கு ஒரு தடவை வாய்த்துண்டை மாற்றவேண்டும்? சிலர் 10 பார் என்கிறார்கள், சிலர் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதைத் தொடுகிறார்கள்.

பதில்: முழுதாக முடிப்பது பிழை. 10 பாருக்கு ஒரு தடவை மாற்றுவது வீண் வேலை. இரண்டும் 200 பாரில் தொடங்கினால் இப்படிச் செய்யுங்கள்: வலதை 170 வரை, இடதை 140 வரை, வலதை 110 வரை, இடதை 80 வரை, பிறகு வலதையும் 80 வரை. அத்தோடு மேலே கிளம்புங்கள். எந்நேரமும் வித்தியாசம் 30 பாரைத் தாண்டாது. 30 பார் என்பது 400 கிராம் எடை. உடல் அதை உணராது.

80-இல் மேலே கிளம்பச் சொல்வதற்கும் கணக்கு உண்டு. 18 மீற்றரில் ஒரு சிலிண்டர் பழுதாகி, அதே நேரம் தோழருக்கும் காற்றில்லை என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 25 லீற்றர், இருவருக்கும் 50. அடியில் ஒரு நிமிடம் நிதானிக்க 140 லீற்றர். நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏற 190. 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க 225. கூட்டினால் 555 லீற்றர், 11.1-ஆல் பிரித்தால் 50 பார். ஒரேயொரு சிலிண்டரில் இந்த 50 இருந்தால் இருவரும் உயிரோடு மேலே வரலாம். ஒன்றை முழுதாக முடித்தவரிடம் மற்றது பழுதானால் எதுவும் இல்லை.

கேள்வி (கல்கிசை வாசகர்): காற்று நிற்காமல் பீறிட்டால்?

பதில்: மற்ற வாய்த்துண்டுக்கு மாறி, பீறிடும் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். அது அக்குளுக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கிறது. இந்த முறையின் பெரிய நன்மையே இதுதான். எந்தப் பக்கம் பீறிடுகிறதென்று தெரியாவிட்டால் ஹோஸை விரலால் தொட்டுக்கொண்டே வால்வு வரை போங்கள். ஊகித்துத் திருகினால் நல்ல சிலிண்டரை மூடிவிடுவீர்கள். இறங்குமுன் இரண்டிலும் மும்மூன்று தடவை மூச்செடுத்து அமுக்கமானியைப் பாருங்கள். முள் துள்ளினால் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கிறது.

கேள்வி (நீர்கொழும்பு வாசகர்): சைட்மவுண்ட் ஒடுக்கமான இடங்களுக்கென்றே வந்ததாமே. சான்றிதழ் எடுத்தபின் கொழும்புக்கு அப்பால் இருக்கும் கப்பல்களுக்குள் நுழையலாமா?

பதில்: நுழையக்கூடாது. 1960-களில் இங்கிலாந்தின் குகைச் சுழியோடிகள் ஒடுக்கமான நீர்வழிகளுக்காகவே சிலிண்டரைப் பக்கவாட்டில் கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் சைட்மவுண்ட் சான்றிதழ் கருவியைக் கையாளத்தான். தலைக்கு மேல் கூரை உள்ள இடத்துக்கு வேறு பயிற்சி வேண்டும்: வெளியிலிருந்து தொடர்ந்து விடும் வழிகாட்டிக் கயிறு, ஆளுக்கு மூன்று விளக்கு, காற்றில் மூன்றிலொரு பங்கு முடிந்ததும் திரும்பும் ஒழுங்கு. 200 பாரில் தொடங்கினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் 60 குறைந்ததுமே திரும்பவேண்டும்.

ஆழமும் தடை. 1917 பெப்ரவரியில் ஜேர்மனியின் வுல்ஃப் கப்பல் விதைத்த கடற்கண்ணிகளில் மூழ்கிய வூஸ்டர்ஷயர் என்ற கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40. ஓப்பன் வோட்டர் சான்றிதழுக்கு 18. பாணந்துறைக்கு அப்பால் 2012-இல் மூழ்கிய தெர்மோபிலே சியெரா போன்ற கப்பலை, உங்கள் ஆழ எல்லைக்குள் நிற்கும் பகுதிவரை வெளியே சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் தொங்கும் சிலிண்டரோடு ஓர் இரும்புச் சுவருக்கு அருகில் எதிலும் தட்டாமல் நிற்பதே தொடக்கக்காரருக்குப் போதிய வேலை.

கேள்வி (வத்தளை வாசகி): வள்ளத்தில் ஆளுக்கு ஒரு சிலிண்டர்தான் தருகிறார்கள். ஒன்றை மட்டும் பக்கத்தில் மாட்டி இறங்கலாமா?

பதில்: இறங்கலாம், ஆனால் அப்போது உங்களிடம் இருப்பது ஒரேயொரு காற்று மூலம். ஆகவே அந்த ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இரண்டு வாய்த்துண்டுகளும் விங் ஹோஸும் இருக்கவேண்டும். திரும்பும் அமுக்கத்தையும் ஒற்றைச் சிலிண்டர்காரரைப் போலவே கணக்கிடுங்கள். உடல் ஒரு பக்கம் சரிந்தால் ஈயக்கட்டியில் ஒன்றை மறுபக்க இடுப்புக்கு மாற்றிச் சமன் செய்யலாம். சிலிண்டர் இலேசாக இலேசாகச் சரிவு மாறும் என்பதால் ஒரு கிலோவில் தொடங்கிப் பாருங்கள்.