மூத்தவளால தொந்தரவே இல்லையா?

கேள்வி: நாங்க இந்த நாட்டுக்கு வந்து அஞ்சு மாசம் ஆகுது. பையனுக்கு எட்டு வயசு. வீட்ல தமிழ்ல ஓயாம பேசுறவன் ஸ்கூல்ல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான். மூத்தவளுக்கு பதிமூணு, அவளால ஒரு தொந்தரவும் இல்ல, மிஸ் எங்கள கூப்பிட்டப்போ கூட அவளே கிளாஸ்ல இருந்து வந்து எல்லாத்தையும் தமிழ்ல சொன்னா. வீட்டுக்காரர் இனிமே வீட்ல தமிழே வேண்டாங்கிறாரு. பையன எப்படி பேச வைக்கிறது?

பதில்: பையன் விஷயத்த முதல்ல முடிச்சிடுறேன், அதுல பெருசா ஒண்ணும் இல்ல. புது மொழிக்குள்ள போற பிள்ளைங்க பல பேர் சில மாசம் வாய மூடிக்கிட்டு காத மட்டும் தொறந்து வச்சிருப்பாங்க, இதுக்கு மௌன காலம்னே பேர் வச்சிருக்காங்க. பேசு பேசுனு பிடுங்காதீங்க. அவன் தலையாட்டுனாலோ படத்த தொட்டுக் காட்டுனாலோ அதையே பதிலா எடுத்துக்கச் சொல்லி மிஸ்கிட்ட கேளுங்க. இன்னும் சில மாசம் போயும் பசங்களோட விளையாடுறப்போ கூட வாய் தொறக்கலைனா டாக்டர்கிட்ட காட்டுங்க. அவ்வளவுதான்.

இப்ப மூத்தவ. இந்த மாதிரி லெட்டர் எனக்கு எத்தனையோ வந்திருக்கு, எல்லாத்துலயும் ஒரு பிள்ளைய பத்தி பக்கம் பக்கமா இருக்கும், இன்னொண்ணு "தொந்தரவு இல்லாம" ஒரு மூலைல இருக்கும், நான் எப்பவும் அந்த மூலையத்தான் பாப்பேன். "கிளாஸ்ல இருந்து வந்து"னு போற போக்குல எழுதிட்டீங்களே, எந்த கிளாஸ்ம்மா? கேட்டீங்களா? அவளுக்கும் அதே அஞ்சு மாசம்தானே ஆகுது, மிஸ் சொன்னதுல அவளுக்கு எவ்வளவு புரிஞ்சிருக்கும்? புரியாத இடத்துல தானா எதையாவது சேத்துச் சொல்லிருப்பா, கடுமையா சொன்னத அம்மா அழுவாளேனு மழுப்பிருப்பா. தம்பிய பத்தி நீங்க தெரிஞ்சு வச்சிருக்கறதுல பாதி ஒரு பதிமூணு வயசு பிள்ளையோட ஊகமா கூட இருக்கலாம், அத வச்சுத்தான் ராத்திரி தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கீங்க.

இன்னொண்ணு கேளுங்க. கனடால ஜிம் கம்மின்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், பேச்சு மொழி வேற பாட மொழி வேறனு 1979லயே பிரிச்சுக் காட்டுனாரு. விளையாட, கடைக்குப் போக தேவையான பேச்சு ஏறக்குறைய 2 வருஷத்துல வந்துடும், ஆனா பாடப்புத்தக மொழில, கிளாஸ்ல கூடப் படிக்கிற பிள்ளைங்க அளவுக்கு வர 5லருந்து 7 வருஷம் ஆகும்னு சொன்னாரு. எட்டு வயசுக்காரனுக்கு அந்த வருஷமெல்லாம் கைல இருக்கு. பதிமூணு வயசுக்காரிக்கு எங்க இருக்கு? அதுக்குள்ள ஸ்கூலே முடிஞ்சிடும். அவசரம் யாருக்குனு இப்ப தெரியுதா? அவள போய் கிளாஸ்ல இருந்து எழுப்பி வரவச்சிருக்கீங்க.

மூத்த பொண்ணு இன்னொரு அம்மானு பெருமையா சொல்லிக்குவோம், எனக்கு அந்த பேச்சே ஆகாது. தட்டு கழுவட்டும், தம்பிக்கு சோறு போடட்டும், வேண்டாம்னு சொல்லல, ஒரு வீட்ல எல்லாரும் வேலை செஞ்சுதான் ஆகணும். ஆனா அப்பா அம்மாவுக்கு வாயா இருக்குறது பிள்ளையோட வேலை இல்ல. நாடு மாறுறதுனு முடிவு பண்ணது நீங்க ரெண்டு பேரும், அந்த மொழியோட முட்டி மோத வேண்டியதும் முதல்ல நீங்கதான். பெரியவங்களுக்கு மொழி சொல்லிக் குடுக்குற கிளாஸ் எங்க இருக்குனு விசாரிங்க, டைம் இல்லைனு எனக்கு திரும்ப எழுதாதீங்க. அடுத்த தடவ ஸ்கூல்ல கூப்பிட்டா மொழிபெயர்க்க ஆள் வேணும்னு முன்னாடியே கேளுங்க, பல நாடுகள்ல ஸ்கூலே ஏற்பாடு பண்ணும், நேர்ல முடியலைனா போன்ல. அதுவும் இல்லைனா தெரிஞ்ச பெரியவங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க.

தமிழ் வேண்டாங்கிற வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. தனக்கே சரியா வராத மொழில பிள்ளைங்ககிட்ட என்னத்த பேசுவாரு, சாப்பிட்டியா தூங்குனியாவோட நின்னுடும். பின்னம்னா என்னனு தமிழ்ல புரிஞ்ச பிள்ளைக்கு புது மொழில அதோட பேர் மட்டும்தான் புதுசு. பிள்ளையோட படிப்பு அவங்க சொந்த மொழி மேல மரியாதைய வளக்கணும்னு 1989ல வந்த ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையோட 29வது பிரிவு சொல்லுது, இவர் என்னடான்னா பெத்த அப்பனா இருந்துகிட்டு வேண்டாங்கிறாரு!

இன்னிக்கு ராத்திரி அவள பக்கத்துல உட்கார வச்சு அன்னிக்கு விட்டுப்போனது எந்த பாடம்னு கேளுங்க. புக்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க, ஆனா அத தமிழ்ல சொல்லச் சொல்லி மறுபடியும் அவள வேலை வாங்காதீங்க, படத்த பாத்து உங்களுக்கு தெரிஞ்சத நீங்க தமிழ்ல சொல்லுங்க. மிச்சத்துக்கு அந்த பாடம் எடுக்குற டீச்சர நீங்களும் அவரும் போய் பாருங்க, அவ கிளாஸ்ல இருக்குற நேரத்துல.