மனைவியின் வருமானத்தில் ஓடும் குடும்பம்: சிக்கல் எங்கே வருகிறது?

கணவன், மனைவி இருவரில் மனைவி கொண்டுவரும் பணமே வீட்டின் பெரும்பகுதி என்றால் அவர்தான் முதன்மை வருவாயாளர். இதை அளக்க, அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 60 சதவீதத்துக்கு மேல் என்று கோடு போட்டது. அந்தக் கணக்கில் 1972இல் அங்கே 5 சதவீதத் திருமணங்கள்தான் இப்படி இருந்தன. 2022இல் 16 சதவீதம். பெண்கள் அதிகம் படித்ததும், வேலையைத் தொடர்ந்ததும் முக்கியக் காரணங்கள்.

சரி, பணம் வந்தால் நல்லதுதானே, உரசல் ஏன்? வருமானம் மாறிய வேகத்தில் பழக்கம் மாறவில்லை. புது வீட்டுக்குப் போன பிறகும் கை பழைய இடத்திலேயே சுவிட்சைத் தேடுமே, அப்படி. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அப்பா வீட்டில் இருந்தாலும் பள்ளியிலிருந்து போன் அம்மாவுக்குத்தான் போகிறது. அவர் மீட்டிங்கில் இருப்பார்.

இன்னொன்று கௌரவம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 2018 ஆய்வு, மனைவி அதிகம் சம்பாதிக்கும் தம்பதிகள் சொன்ன சம்பளத்தை வரிக் கணக்கோடு ஒப்பிட்டது. கணவனின் சம்பளத்தைக் கூட்டியும் மனைவியின் சம்பளத்தைக் குறைத்தும் சொல்லியிருந்தார்கள், அதுவும் இருவருமே! என்னைக் கேட்டால், சண்டைக்கு விதை தொகையில் இல்லை, இந்த மறைப்பில்தான்.

அப்புறம், இப்படிப்பட்ட வீட்டில் கணவர் சும்மா இருக்கிறார் என்று பலர் நினைப்பது தவறு: மேலே சொன்ன கணக்கில் இப்படிப்பட்ட 16 வீடுகளில் சுமார் 10 வீடுகளில் அவரும் சம்பாதிக்கிறார், மனைவியைவிடக் குறைவாக, அவ்வளவே.