ஏரி மேல் புகை

அன்புள்ள ஐயா,

டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ என் கல்லூரிக் காலப் பாட்டு. கிடார் வாங்கியதும் முதலில் வாசித்துப் பார்த்ததும் அதைத்தான். அது கஞ்சாவைப் பற்றிய பாட்டு என்று விடுதியில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையா? அப்புறம் இன்னொன்று: ஒரு பாட்டின் கதை தெரிந்துவிட்டால் அதன் மர்மம் போய்விடாதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்தப் பாட்டில் வருவது நிஜப் புகை. ஆனால் உங்கள் விடுதி நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். தலைப்பைக் கேட்டதும் போதைப் பாட்டு என்று நினைப்பார்களே என்று அந்தக் குழுவிலேயே தயக்கம் இருந்தது.

1971 டிசம்பர். சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் மோன்த்ரே என்ற ஊர். அங்கிருந்த கேசினோ கட்டடத்தில் ஆல்பம் பதிவு செய்ய டீப் பர்ப்பிள் வந்திருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். 4ஆம் தேதி அதே கேசினோவில் ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கட்டடமே எரிந்துபோனது. மோன்த்ரே ஜாஸ் விழாவைத் தொடங்கிய குளோட் நோப்ஸ் உள்ளே ஓடி இளைஞர்களை வெளியே இழுத்துவந்தார். உயிர்ச்சேதம் இல்லை. ஏரி மேல் புகை பரவுவதை டீப் பர்ப்பிள்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து, தூக்கத்திலிருந்து விழிக்கும்போது அந்தத் தலைப்பு பேஸ் கிடார் வாசிக்கும் ரோஜர் குளோவரின் வாயில் வந்தது.

கேசினோ போய்விட்டதால் பவிலியன் என்ற அரங்குக்கு மாறினார்கள். நீங்கள் வாசித்த அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு, அங்கேதான் பதிவானது, நள்ளிரவில். சத்தம் தாங்காமல் ஊர்க்காரர்கள் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. பதிவு முடியும்வரை உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் உள்ளிருந்து பிடித்துக்கொண்டார்கள்! அப்புறம் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலுக்குப் போய், நடைபாதையில் மெத்தைகளைச் சாத்திவைத்து மற்ற பாடல்களைப் பதிவு செய்தார்கள். ஆல்பத்துக்கு இன்னும் சில நிமிடம் தேவைப்பட்டபோதுதான் அந்த ரிஃபை எடுத்து வரிகள் எழுதினார்கள்.

1972 மார்ச்சில் ‘மெஷின் ஹெட்’ என்ற அந்த ஆல்பம் வெளிவந்தபோது அவர்கள் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக வெளியிட நம்பியது ‘நெவர் பிஃபோர்’ என்ற வேறு பாட்டை. உங்கள் பாட்டு சிங்கிளாக வந்தது 1973இல்தான். அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது.

சரி, மர்மம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கதை தெரியாத காலத்தில் ரிஃபுக்காக மட்டுமே கேட்பேன். வரிகள் காதில் விழாது. தெரிந்த பிறகும் அந்த ரிஃப் அப்படியே சிலிர்க்க வைக்கிறது. கிடார் வாசிக்கும் ரிச்சி பிளாக்மோர், தந்தியை மீட்டும் பிக் இல்லாமல், இரண்டு தந்திகளை விரலால் சேர்த்து இழுப்பதும், ஜான் லார்டின் ஆர்கன் ஒரு கிடார் ஆம்ப்ளிஃபையர் வழியாக உறுமிக்கொண்டு சேர்வதும் எந்தக் கதைக்கும் அடங்காது. வரிகள்தான் எனக்குப் புதிதாகக் கிடைத்தன. ஊருக்கு வந்தது, தீப்பிடித்தது, இடம் தேடி அலைந்தது என்று நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறார்கள். உவமை இல்லை, மறைபொருள் இல்லை.

முன்பெல்லாம் கடைசிச் சரணம் வருவதற்குள் பாட்டை மாற்றிவிடுவேன். ஆள் இல்லாத, குளிரில் விறைத்த ஹோட்டலும் வெளியே நிற்கும் அந்த ஒலிப்பதிவு வண்டியும் வருவது அங்கேதான். வேலை செய்ய ஒருவழியாக ஓர் இடம் கிடைத்த நிம்மதி பாடகர் இயன் கில்லன் குரலில் இருக்கிறது. இன்றிரவு ஹெட்போன் மாட்டி அதை மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.