பெரிய சம்பவம் இல்லாமல் ஒரு காதலை வாசகரை நம்பவைப்பது எப்படி?

விபத்து, வில்லன், மழையில் ஓடிவரும் காட்சி எதுவும் இல்லாமல், அன்றாடக் காட்சிகளை வைத்தே காதலை நம்பும்படி எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் குறுந்தொகையில் இருக்கிறது: கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டு.

புதுக்குடித்தனம் போன பெண் கட்டித்தயிரைக் கையால் பிசைகிறாள். விரல்களை உடுத்தியிருக்கும் துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதை அலசக்கூட நேரமில்லை. தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை, நன்றாக இருக்கிறது என்று கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. ஆறே அடி, அவ்வளவுதான்.

புகையையும் கறைபட்ட துணியையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அவன் பாராட்டுக்கு ஒரு மதிப்பும் இருக்காது. அவள் பட்ட பாடு நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்த ஒரு சொல் அவளை என்ன செய்யும் என்று புரிகிறது. இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடிக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொல்பவள் செவிலித்தாய். வேறு யார் பார்த்திருந்தாலும் அந்தச் சின்ன மலர்ச்சி கண்ணில் பட்டிருக்காது. வளர்த்தவளுக்குத் தெரிகிறது. கணவன் கவனித்தானா என்று பாட்டு சொல்லவே இல்லை.

எழுதுகிற பலர் தடுமாறுவது இங்கேதான். மொட்டைமாடியில் இருவர் காபி குடிக்கிறார்கள், நிலா இருக்கிறது, காற்று வீசுகிறது என்று இரண்டு பக்கம் போகும். படித்து முடித்த பிறகும் அவனுக்கு அவளைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. காட்சி அமைதியாக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர்கள் தவறவிட்ட ஒன்றை இவன் பார்க்க வேண்டும், பார்த்ததற்கு ஏற்ப ஏதாவது செய்ய வேண்டும்.

1817 கடைசியில் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பர்சுவேஷன்’ நாவலில், முன்பு பிரிந்துபோன இருவர் எட்டு வருடம் கழித்து ஒரே வட்டாரத்தில் பழக நேர்கிறது. அவள் உடம்பு சரியில்லாத பையன் பக்கத்தில் மண்டியிட்டிருக்க, அந்தப் பையனின் தம்பி அவள் முதுகில் தொற்றிக்கொண்டு இறங்க மறுக்கிறான். யாரோ அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார்கள். அது முன்பு பிரிந்துபோன அவன்தான் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அவள் நன்றி சொல்வதைக் கேட்காமலிருக்க, குழந்தையோடு சத்தமாக விளையாட ஆரம்பித்துவிடுகிறான்!

சரி, நீங்கள் எழுதும்போது என்ன செய்யலாம்? ஒரே ஒரு சின்ன விஷயத்தை எடுத்து, சில காட்சிகளில் மாற்றி மாற்றி வரவிடுங்கள். அவளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவன் சொன்னது அவள் காதில் விழுவதில்லை. அப்புறம் ஒருநாள் நடக்கும்போது அவளுக்கு வலப்பக்கமாக வந்துகொள்கிறான். அதை விளக்கி ஒரு வரியும் வேண்டாம், வாசகரே கண்டுபிடிக்கட்டும். பிறகு ஒரு சண்டை. அன்று அவன் இடப்பக்கமாக நடக்கிறான். அந்தக் கோபத்தைக் காட்ட வசனமே தேவைப்படாது. சமாதானக் காட்சியை எப்படி எழுதுவது என்று நீங்கள் தனியாக யோசிக்கவும் வேண்டியிருக்காது.