மானெட்டி ஏன் அழுதார்?

கேள்வி: தத்துவம் பயில்வது என்பது சாகக் கற்றுக்கொள்வதே என்றார் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன். பழைய கிரேக்க, லத்தீன் நூல்களில் ஊறிய ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால மானுடவாதிகள் மரணத்தை அறிவால் வென்றவர்கள். மகனைப் பறிகொடுத்த என் நண்பர் ஒன்றரை வருடமாகியும் தேறவில்லை. இவர்களைப் படிக்கக் கொடுத்தால் தொட மறுக்கிறார். படித்த மனிதர் இப்படி உடைந்து போகலாமா?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உடைந்து போகலாம். நீங்கள் சாட்சிக்குக் கூப்பிடும் ஆட்களே உடைந்து போனவர்கள்தான்.

இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கிலிருந்து வருவோம். சாவை எப்படித் தியானிப்பது என்று விரிவாக எழுதியவர் அவர். அவர் கையில் புழங்கிய, ரோமானியக் கவி வர்ஜிலின் பிரதி மிலானில், அம்ப்ரோசியானா நூலகத்தில் இருக்கிறது. அதன் முகப்புத் தாளில் அவர் கைப்பட ஒரு குறிப்பு. தன் கவிதைகளில் பாடிய லாராவை முதன்முதலில் பார்த்தது 1327 ஏப்ரல் 6, அவிஞ்ஞோன் நகரத்துத் தேவாலயத்தில், காலை வேளையில். அவள் இறந்தது 1348-இல், அதே மாதம், அதே நாள், அதே வேளை. கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிய வருடம் அது. அன்றைக்கு வெரோனாவில் இருந்த அவருக்குச் செய்தியே மே மாதம் பார்மாவில்தான் கிடைத்தது. அடிக்கடி கண்ணில் படும் இடம் என்பதால் இந்தத் தாளில் எழுதுவதாகச் சொல்கிறார்; கசப்பான ஓர் இனிமையோடு எழுதுவதாகவும் சொல்கிறார். 1361-இல் மகன் ஜொவான்னியும் போனபோது அதே பிரதியில் இன்னொரு குறிப்பு: இருந்தபோது ஓயாத கவலை தந்தான், செத்துக் கடும் வலி தந்தான். தகப்பனும் மகனும் ஒத்துப் போனதில்லை. அப்படியும் அந்த வரியை எழுதாமல் அவரால் இருக்க முடியவில்லை. இதையா வென்றது என்கிறீர்கள்?

அடுத்து கொலுச்சோ சலூத்தாத்தி. ஃபுளோரன்ஸ் குடியரசின் தலைமைச் செயலர். பிறர் வீட்டில் சாவு விழுந்தால் உணர்ச்சிக்கு ஆட்படாதே என்னும் ஸ்டோயிக் தத்துவத்தை எடுத்துவைத்து ஆறுதல் கடிதம் எழுதுவார். 1400-இல் கொள்ளைநோய் அவருடைய இரண்டு மகன்களைக் கொண்டுபோனது. நண்பர் சபரெல்லா அதே வகை வாதங்களை அவருக்கே எழுதியனுப்பினார். சலூத்தாத்தி அவற்றை ஏற்கவில்லை. சாவு மனிதனுக்குக் கெடுதிதான், அதை இல்லையென்று வாதாடி யாருக்கும் ஆறுதல் கிடைக்காது என்று பதில் எழுதினார். தான் ஊருக்குச் சொன்னது தன் வீட்டு வாசலில் நிற்கவில்லை என்று ஒப்புக்கொண்ட அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இப்போது மானெட்டி. அதே ஃபுளோரன்ஸ்காரர், மானுடவாத அறிஞர். 1438-இல் அவருடைய மகன் அன்தோனினோ இறந்தான். குழந்தைக்கு நாலு வயது. மானெட்டி ஓர் உரையாடல் நூல் எழுதினார். அதில் மைத்துனர் அச்சயுவோலி உங்கள் கட்சி: துக்கம் என்பது நாமாகப் பிடித்துவைத்திருக்கும் எண்ணம், விட்டால் போய்விடும் என்கிறார். மானெட்டி விட்டுக்கொடுக்கவில்லை. பெற்ற பிள்ளை போனால் அழுவது இயற்கை, அழாமலிருப்பதுதான் மனித சுபாவத்துக்கு விரோதம் என்று அரிஸ்டாட்டிலைத் துணைக்கு வைத்து வரிக்கு வரி வழக்காடுகிறார். லத்தீனில் எழுதியதைப் பிறகு தானே பேச்சுமொழியான தஸ்கனிலும் பெயர்த்தார். மானுடவாதம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இந்தப் புத்தகம்தான். நீங்கள் இதைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

வெனிஸ் பிரபு மார்ச்செல்லோவும் உண்டு. எட்டு வயது மகன் வலேரியோ 1461 புத்தாண்டு நாளில் இறந்தான். இத்தாலியின் பெரிய எழுத்தாளர்கள் ஆறுதல் நூல்களாக எழுதிக் குவித்தார்கள். அத்தனையையும் ஒரே ஏட்டில் தொகுக்க ஏற்பாடு செய்தவர், ஆறுதல் சொன்னவர்களுக்கு எதிராகத் தன் துக்கத்தின் பக்கம் நின்று பேசும் மறுப்பையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

நீங்கள் காட்டும் மொந்தேன் வரி, ரோமானிய அறிஞர் சிசெரோவிடமிருந்து எடுத்துத் தலைப்பாக வைத்தது. மொந்தேன் அங்கேயே நின்றுவிடவில்லை. 1580-களில் அவர் ஊர்ப்பக்கம் கொள்ளைநோய் வந்தது. திராட்சை பறிக்க ஆளில்லாமல் கொடியிலேயே தொங்கியது. அவரிடம் வேலை செய்த கூலியாள் ஒருவர், சாகும் தறுவாயில், கையாலும் காலாலும் மண்ணை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டார். எந்தத் தத்துவமும் படிக்காத ஆள். இதை எழுதிய அதே கட்டுரையில்தான், சாகத் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அந்த நேரத்தில் இயற்கையே சொல்லித்தரும் என்கிறார். நீங்கள் நண்பருக்குக் கொடுத்தது மொந்தேன் கட்டுரைகளின் முதல் தொகுதி. இது மூன்றாவதில் இருக்கிறது.

உங்கள் கடிதம் நீளமானது. இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். முழுதையும் இரண்டு தடவை படித்தேன். மொந்தேன் பெயர் ஐந்து இடத்தில் வருகிறது. அந்தப் பையனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த தடவை புத்தகம் இல்லாமல் போங்கள். அவன் பெயரைச் சொல்லி, அவன் எப்படி இருந்தான் என்று அவன் அப்பாவிடம் கேளுங்கள்.