அப்பாவுக்கு ஒரு பயம், பொண்ணுக்கு வேற பயம்: தடுப்பூசி பத்தி வீட்ல எப்படி பேசுறது?

கேள்வி: கோவிட் டைம்ல என் பொண்ணுக்கு 9 வயசு. வாக்சின் போட்டுடலாம்னு நான், கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு அவர், வீட்ல ஒரே சண்டை. கடைசில போட்டோம், ஆனா அவ அழுது புரண்டதால ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சுதான் போட வேண்டியதாப் போச்சு. இப்போ 13 வயசு, ஊசின்னாலே நடுங்குறா, "அன்னைக்கு என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா"ங்கிறா. நாளைக்கு இன்னொரு பெருந்தொற்று வந்தா என்ன பண்றது டாக்டர்?

பதில்: உங்க பொண்ணு கேக்குறது நியாயம்ங்க. மொதல்ல அவகிட்ட போய் "உன்கிட்ட கேட்டிருக்கணும்டா, அமுக்கிப் பிடிச்சது தப்பு"ன்னு சொல்லிடுங்க, "ஆனா உன் நல்லதுக்குதான்"னு வால் ஒட்டாம சொல்லுங்க.

அந்த சமயத்துல எங்ககிட்ட வந்த குடும்பங்கள்ல நான் திரும்பத் திரும்பப் பாத்தது என்னன்னா, பெத்தவங்க மனசுல ஓடுற கேள்வி ஒண்ணு, பிள்ளை மனசுல ஓடுறது வேற. பெரியவங்களுக்கு "பின்னாடி ஏதாவது ஆயிட்டா?"ங்கிற பயம். பிள்ளைங்களுக்கு வலிக்குமா, எவ்ளோ நேரம், போட்டுக்கிட்டா பாட்டிய கட்டிப்பிடிக்கலாமா, அவ்ளோதான். ஒரு பையனோட அம்மா ஆன்டிபாடி பத்தி அழகா விளக்கிட்டு இருக்காங்க, அவன் ட்ரேயையே பாத்துட்டு இருந்துட்டு "அந்த ஊசி கைக்குள்ளயே இருந்துடுமா?"ன்னு கேட்டான். இல்லடா, உடனே வெளிய எடுத்துடுவோம்னு சொல்லி ஊசி மாட்டாத காலி சிரிஞ்ச் ஒண்ணக் கைல குடுத்தேன், நாலு தடவை இழுத்து அமுக்கிப் பாத்துட்டு அவனே சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டான்.

உங்க வீட்டுக்காரர் பயத்தையும் தள்ளிடாதீங்க. நோய் தானா வந்தா மனசு எப்படியோ தாங்கிக்கும், நாமளே சம்மதிச்சுப் போட்ட ஊசியால ஏதாவது ஆனா தாங்காது, அதனாலதான் பொறுத்துப் பாக்கலாம்னு தோணுது. ஆனா பொறுத்திருக்குறதும் ஒரு முடிவுதான், அதுக்கும் ரிஸ்க் உண்டு. அவருக்குத் தேவை அதட்டல் இல்ல, விவரம். ஒரே வருஷத்துல வாக்சின் வந்துச்சேன்னா, எம்ஆர்என்ஏ, அதாவது வைரஸோட ஒரு புரதத்த செய்யுற குறிப்ப நம்ம செல்லுக்குக் குடுத்து எதிர்ப்பு சக்தியப் பழக்குற முறை, அதுல ஆராய்ச்சி பல வருஷமா நடந்துட்டு இருந்தது, 2023 நோபல் வாங்கின கரிக்கோவும் வைஸ்மனும் அதுல முக்கியமான கண்டுபிடிப்ப வெளியிட்டது 2005லயே. பணம் முன்கூட்டியே வந்துச்சு, சோதனைக் கட்டங்கள ஒண்ணு மேல ஒண்ணா நடத்துனாங்க, தொற்று எங்க பாத்தாலும் இருந்ததால ரிசல்ட்டும் சீக்கிரம் வந்துச்சு. பிள்ளைங்களுக்கு அளவும் குறைவு, 5லருந்து 11 வயசுக்கு ஃபைசரோட எம்ஆர்என்ஏ ஊசி டோஸ் 10 மைக்ரோகிராம்தான், பெரியவங்களுக்கு 30.

மறைக்கக் கூடாததும் இருக்கு. கோவிட் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு லேசாத்தான் வந்துச்சு, ஆனா சிலருக்குத் தொற்று வந்து 2லருந்து 6 வாரம் கழிச்சு உடம்பு முழுக்க அழற்சியாகி ஐசியு வரைக்கும் போச்சு. எம்ஆர்என்ஏ ஊசிக்கு அப்புறம் அபூர்வமா இதயத் தசை அழற்சி வந்தது, அதிகமா டீனேஜ் பசங்க, இளம் ஆண்களுக்கு, ரெண்டாவது டோஸ் போட்ட சில நாள்ல, பெரும்பாலானவங்க சரியாயிட்டாங்க. இந்த ரெண்டையும் சேத்து சொன்னாத்தான் ஒரு அப்பா நம்மள நம்புவார். உங்க விவாதத்த மட்டும் பிள்ளை காதுல விழாம வச்சுக்கோங்க, ஊசிய விட அந்தச் சண்டைதான் அவள அதிகமா பயமுறுத்தியிருக்கும்னு எனக்குத் தோணுது.

சின்னப் பிள்ளைகிட்ட, போடுறதுன்னு முடிவு பண்ணிட்டு "போட்டுக்கறியா"ன்னு கேக்காதீங்க, வேணாம்னா என்ன பண்ணுவீங்க? எந்தக் கைல, பாக்கணுமா திரும்பிக்கணுமா, பக்கத்துல யாரு, இதெல்லாம் அது முடிவு பண்ணட்டும். 13 வயசுப் பொண்ண பேச்சுலயே உக்கார வைங்க, அவ கேள்விய அவளே எழுதிட்டு வந்து டாக்டர்கிட்ட கேக்கட்டும்.

ஊசி பயத்துக்கு, வலிக்கவே வலிக்காதுன்னு பொய் சொல்லாதீங்க, சேட்டை பண்ணா ஊசி போடச் சொல்லிடுவேன்னு மிரட்டவும் வேணாம். மரத்துப் போற க்ரீம் இருக்கு, எங்க, எவ்ளோ நேரம் முன்னாடி தடவணும்னு டாக்டர்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க. அன்னைக்கு உக்கார வச்சுப் போடலாம், ஆனா ஊசி பாத்தா மயக்கம் வர்ற பொண்ணா இருந்தா படுக்க வச்சுப் போடச் சொல்லுங்க, போட்டப்புறம் ஒரு 15 நிமிஷம் உடனே எந்திரிச்சு ஓட விடாதீங்க.